புரதத்தைப் பிரிக்கப் பழகுதல்

விடியற்காலையில் பால்மரத்தில் கத்தி பட்டதும் பால் ஓடத் தொடங்குகிறது. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் சொட்டி, இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. மரத்தில் பால் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அடுத்த முறை வெட்டினால் மீண்டும் ஓடுகிறதே! அப்படியானால் அதை நிறுத்தியது எது? என் தாயார் பல ஆண்டுகள் பால் வெட்டியவர். சிறுவனாக இருந்தபோது நான் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "உன் முழங்காலுல அடிபட்டப்ப ரத்தம் தானா நின்னுச்சே, அது மாதிரிதான் தம்பி" என்றார். அந்தப் பதில் எவ்வளவு சரியானது என்பது பல ஆண்டுகள் கழித்து, ஓர் ஆய்வுக்கூடத்துக் குளிர் அறையில் நடுங்கிக்கொண்டு நின்ற காலத்தில்தான் எனக்குப் புரிந்தது.

பால் உறைந்து காயத்தின் வாய் அடைபடுவதில் பங்குகொள்பவற்றுள் ஒன்று, ஹெவின் என்னும் சின்னஞ்சிறு புரதம். மங்கில் நிற்கும் பாலில் எத்தனையோ புரதங்கள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து கிடக்கின்றன. அவற்றிலிருந்து இந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பார்த்ததால்தான் அதன் வேலை இன்னதென்று தெரியவந்தது. இப்படித் தனியே எடுப்பதைப் புரதத்தைத் தூய்மைப்படுத்துதல் என்பார்கள். அந்த வேலையை ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்பதே இன்றைய உரை. புத்தகத்தைப் படித்துத் தேர்வு எழுதிவிட்டால் வந்துவிடுகிற வேலையன்று இது. கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம்; மேலோடு போனால் பால் வராது. அந்த நூலிழை அளவை உங்கள் கை எப்படிக் கற்றுக்கொண்டதோ, அப்படித்தான் இதுவும்.

புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் மீனும் நம் நினைவுக்கு வரும். உடலை வளர்க்கும் சத்து என்று பள்ளியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அது சரிதான், ஆனால் பாதிக் கதை. உயிருள்ள ஒவ்வொன்றிலும் வேலைகளைச் செய்து முடிப்பவை பெரும்பாலும் புரதங்களே. உண்ட சோற்றைச் செரிக்க வைப்பது ஒரு வகை. இரத்தத்தில் காற்றைச் சுமந்து செல்வது இன்னொரு வகை. இரத்தத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் வேறொரு வகை. நம் உடலின் ஓர் உயிரணுவுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பிரட்டுக்களத்தில் கூடி நிற்கும் கூட்டத்தில் இன்னார் என்ன வேலை செய்பவர் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியுமா? ஒருவரைத் தனியே அழைத்து விசாரித்தால்தானே தெரியும்!

தனியே அழைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று. 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், கனடா நாட்டின் டொராண்டோ நகர மருத்துவமனையில், இனிப்பு நீர் நோயால் மெலிந்து கிடந்த லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழி செலுத்தினார்கள். மருந்து அதில் இருந்தது; ஆனால் அழுக்கும் கூடவே இருந்தது. சர்க்கரை சிறிதளவே இறங்கியது. ஊசி போட்ட இடம் சீழ்க்கட்டியானது. பேன்டிங், பெஸ்ட் ஆகியோரோடு சேர்ந்துகொண்ட கோலிப் என்னும் வேதியியலாளர் அடுத்த சில நாட்கள் இரவும் பகலும் அந்தச் சாற்றோடு போராடினார். மதுசாரத்தின் அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வேண்டாத புரதங்கள் படிந்துவிடுகின்றன. இன்சுலின் மட்டும் கரைந்தே நிற்கிறது. இன்னும் கூட்டினால் இன்சுலினும் படிகிறது. இந்த இடைவெளியைத்தான் அவர் கண்டுபிடித்தார். ஜனவரி 23ஆம் நாள் இரண்டாம் முறை ஊசி போட்டபோது சிறுவனின் சர்க்கரை இறங்கியது, அவன் பிழைத்தான். முதல் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் இடையே பன்னிரண்டு நாட்கள். அந்த நாட்களில் நடந்தது புதிய மருந்தைக் கண்டுபிடிக்கும் வேலையன்று. இருந்த மருந்தைத் தூய்மையாக்கும் வேலை.

அந்தக் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. அதே ஆண்டில், அதிக அளவில் தயாரிக்க முயன்றபோது கோலிப்புக்குத் தம்முடைய முறையே கைகொடுக்காமல் போயிற்று. முன்பு செய்த அதே மருந்தைத் திரும்பச் செய்ய வாரக் கணக்கில் திண்டாடினார்கள். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்பவர் கையில் முதலில் கொடுப்பது கண்ணாடிக் குழாயை அன்று, ஒரு நோட்டுப் புத்தகத்தை. எத்தனை கிராம், எத்தனை மணிக்கு, எவ்வளவு குளிரில், கலக்கும்போது நிறம் எப்படி மாறியது என்று எல்லாவற்றையும் அப்போதைக்கப்போது எழுத வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தது எழுதப்படுவதே இல்லை.

இப்போது நம்முடைய ரப்பர் பாலுக்கே வருவோம். புதிதாக இறக்கிய பாலில் மூன்றில் ஒரு பங்கு போல ரப்பர். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு புரதம். மிகுதியில் பெரும்பகுதி நீர். ஆய்வுக்காகப் பால் எடுப்பவர் மங்கைப் பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்துத்தான் பாலைப் பிடிப்பார். தோட்டத்தில் பால் உறையாதிருக்க அமோனியா ஊற்றுகிறோமே, அது இங்கே ஆகாது. பாலுக்குள் நுண்ணிய பைகள் மிதக்கின்றன. அமோனியா பட்டால் அவை குலைந்துவிடும். நாம் தேடும் ஹெவின் அந்தப் பைகளுக்குள்தான் இருக்கிறது.

குளிர் எதற்கு? ஆட்டிறைச்சி சீக்கிரம் வேக வேண்டுமென்றால் பப்பாளிக் காயைச் சேர்த்து வைப்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். பப்பாளிப் பாலில் உள்ள ஒரு நொதி, இறைச்சியின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. இப்படிப் புரதத்தை வெட்டும் நொதிகள் ஏறக்குறைய எல்லா உயிர்ச் சாறுகளிலும் உண்டு. உயிரணு முழுதாக இருக்கும்வரை அவை கட்டுக்குள் இருக்கும். நாம் உடைத்துப் பிழிந்த கணத்தில் அவிழ்த்துவிட்ட நாய்கள் போல எல்லாவற்றின் மீதும் பாயும். குளிர் அவற்றின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே ஏறக்குறைய 4 பாகை செல்சியஸ் குளிரில், உறையும் நிலைக்குச் சற்று மேலே, வேலையெல்லாம் நடக்கும். நம் நாட்டு வெயிலில் வளர்ந்தவனுக்குக் குளிர் அறையில் கம்பளிச் சட்டையோடு அரை நாள் நிற்பது முதல் வாரத்தில் வேடிக்கையாகத்தான் இருக்கும். இரண்டாம் வாரத்தில் மூக்கு ஒழுகத் தொடங்கும்.

அடுத்து, கை மென்மையாக இருக்க வேண்டும். முட்டை வெள்ளையை அடித்தால் நுரை பொங்கி நிற்கிறது. அந்த நுரையில் புரதம் தன் மடிப்புக் குலைந்து விரிந்து போகிறது. ஒரு நூலை ஒழுங்காக மடித்துச் சுருட்டி வைத்ததைப் போன்றது புரதம். அந்தச் சுருள் இருக்கும்வரைதான் அது தன் வேலையைச் செய்யும். வேக வைத்த முட்டை மறுபடி நீராவதில்லை. குலைந்த பெரும்பாலான புரதங்களும் அப்படியே. ஆகவே குழாயைக் குலுக்கக் கூடாது. தலைகீழாக மெல்லச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். பிப்பெட் என்னும் உறிஞ்சு கருவியைக் கட்டைவிரலால் அழுத்தும்போதும் விடும்போதும் அவசரம் கூடாது. படக்கென்று விட்டால் காற்றுக் குமிழி ஏறிவிடும், அளவும் தவறும். இதைப் பழக ஒரு நல்ல வழி உண்டு. ஒரு மில்லிலிட்டர் தண்ணீரை எடுத்துத் தராசில் விடுங்கள். ஒரு கிராம் காட்ட வேண்டும். பத்து முறையும் அதே எடை வரும்வரை பயிற்சி செய்பவரை விடுவதில்லை. எனக்கு இரண்டு நாள் பிடித்தது. என்னோடு சேர்ந்த ஒரு பெண் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள். நாள்தோறும் பூ கட்டிப் பழகிய விரல்கள் அவளுடையவை என்று பிறகு தெரிந்தது.

குளிர்ந்த பாலை அதிவேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்து, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று வேகத்தில் சுற்றினால் அது அடுக்கடுக்காகப் பிரிகிறது. மேலே வெண்ணெய் போல ரப்பர். நடுவில் தெளிந்த நீர். அடியில் மஞ்சள் சாயலுடைய ஒரு படிவு. அந்தப் படிவில்தான் முன்பு சொன்ன நுண்பைகள் சேர்ந்திருக்கும். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மோயர் என்பவர் 1959இல் இப்படிச் சுற்றிப் பார்த்து, பால் மூன்றல்ல, பதினொரு அடுக்குகளாகப் பிரிவதைச் சாயமேற்றிக் காட்டினார். ஒரு மங்குப் பாலுக்குள் பதினொரு அடுக்கு! 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய அந்தக் கழகம் 1998 முதல் மலேசிய ரப்பர் வாரியத்தின் பகுதியாகிவிட்டது.

அடிப்படிவை எடுத்துக் கழுவி, உறைய வைத்து, உருக வைத்து, மீண்டும் உறைய வைத்தால் நுண்பைகள் வெடித்து உள்ளிருக்கும் சாறு வெளிவரும். மறுபடியும் சுற்றினால் சக்கை அடியில் போய்விடும். சாறு மேலே நிற்கும். இதற்குள் ஹெவினும் அதன் கூட்டாளிகளும் இருக்கின்றன.

கூட்டாளிகளைப் பிரிக்கப் பொதுவாகக் கையாளும் முதல் வழி உப்பு. தோட்டத்தில் மரத்தடியில் போடும் அமோனியம் சல்பேட் உரம் உங்களுக்குத் தெரியும். அதே பொருளின் மிகத் தூய வகையை ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துகிறார்கள். உப்பு மிகுந்தால் அது நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். நீர் போதாத புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும். ஒவ்வொரு புரதமும் வேறு வேறு உப்பளவில் படிவதால் கட்டம் கட்டமாகப் பிரிக்கலாம். ஆனால் உப்பைக் குழம்பில் கொட்டுவது போலக் கொட்டிவிடக் கூடாது. சிட்டிகை சிட்டிகையாக, முன்பு போட்டது கரைந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். இல்லையென்றால் உப்பு விழுந்த இடத்தில் அளவு மீறி, படியக் கூடாததும் படிந்துவிடும்.

பிறகு அந்த உப்பை நீக்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்கிறார்கள் அல்லவா, அதே தத்துவந்தான். நுண்துளைகள் உள்ள பையில் சாற்றைக் கட்டி, பெரிய பாத்திரத்து நீரில் தொங்கவிட்டால் உப்பு வெளியே போய்விடும். புரதம் பெரியதாகையால் உள்ளே தங்கும். இங்கேதான் நான் பட்ட அவமானத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பயிற்சி பெற்ற இடத்தில் மூன்று வார உழைப்பில் சேர்த்த சாற்றைப் பையில் கட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டேன். காலையில் வெளி நீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பையை மகிழ்ச்சியோடு எடுத்துச் சென்றேன். சோதித்தால் பெரிய புரதங்கள் எல்லாம் இருக்கின்றன, ஹெவினைக் காணோம். ஹெவின் 43 அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறிய புரதம். நான் எடுத்த பையின் துளைகள் அதற்குத் திறந்த கதவாக இருந்திருக்கின்றன. அது வெளி நீருக்குப் போய், நீரோடு சேர்ந்து சாக்கடைக்கும் போய்விட்டது. அங்கே நெடுங்காலம் வேலை பார்த்த உதவியாளர் ஒரு சீன அம்மையார். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில், "தேடுவது எங்கே இருக்கிறது என்று உறுதியாகும்வரை எதையும் கொட்டாதே" என்று மலாயில் எழுதித் தொட்டிக்கு மேல் ஒட்டிவிட்டுப் போனார். நான் அங்கிருந்து விலகும்வரை அது அங்கேயே இருந்தது.

அடுத்த வழி, மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாய். சவ்வரிசியைவிட மிகச் சிறிய, துளைகள் நிறைந்த மணிகளை நீரோடு குழாயில் நிரப்பி, மேலே சாற்றை விட்டு மெல்ல இறங்கவிடுவார்கள். சிறிய புரதந்தான் முதலில் வெளியே வரும் என்று நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறானது. லயத்து வரிசை வழியாகப் பெரியவர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் கடைக்குப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் நேரே நடந்து போய்விடுவார். சிறுவன் ஒவ்வொரு வாசலிலும் நுழைந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேருவான். பெரிய புரதம் மணியின் துளைக்குள் நுழைய முடியாததால் வெளியோடு வழுக்கி முதலில் வந்துவிடும். சிறியது துளைதோறும் புகுந்து சுற்றிக் கடைசியில் வரும். சுவீடன் நாட்டு உப்சாலாவில் 1959இல் போராத், ஃபுளோடின் என்ற இருவர் இம்முறையை வெளியிட்டார்கள். மின்னேற்றம் பெற்ற மணிகளும் உண்டு. அவற்றில் எதிர் மின்னேற்றமுள்ள புரதங்கள் ஒட்டிக்கொள்ளும். உப்பு நீரின் செறிவைக் கூட்டக் கூட்ட ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. குழாயில் மணிகளை நிரப்புவதற்கே தனிப் பொறுமை வேண்டும். ஒரே முறையில், ஒரே சீராக, குமிழி இல்லாமல் படிய வேண்டும். மேல்மட்டம் சாய்ந்திருந்தால் புரதமும் சாய்ந்தே இறங்கி, அடுத்ததோடு கலந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், குழாய் வறண்டு போகக் கூடாது. தேநீர் குடிக்கப் போய்த் திரும்பும்போது மேலே நீர் தீர்ந்து மணிப்படுகையில் வெடிப்பு விழுந்திருந்தால், அன்றைய வேலை போயிற்று. சொட்டுச் சொட்டாக வருவதை இலக்கமிட்ட சிறு குழாய்களில் வரிசையாகப் பிடிக்க வேண்டும். இலக்கத்தை மூடியில் மட்டும் எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூடிகளை எல்லாம் கழற்றி மேசையில் வைத்த பிறகு எந்தக் குழாய் எது என்று அவர்கள் விழிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

எந்தக் குழாயில் எது இருக்கிறது என்று அறியப் புரதத்தை ஜெல்லி போன்ற ஒரு மெல்லிய பலகைக்குள் மின்சாரத்தால் ஓடவிடுகிறார்கள். லேம்லி என்பவர் 1970இல் வெளியிட்ட முறை இன்றும் உலகமெங்கும் வழக்கில் உள்ளது. இங்கே சிறியது விரைந்து ஓடும், பெரியது பின்தங்கும். பிறகு நீலச் சாயத்தில் ஊற வைத்தால் ஒவ்வொரு புரதமும் ஒரு நீலக் கோடாகத் தெரியும். அந்தச் சாயம் கம்பளி ஆடைகளுக்குப் போடப்பட்ட சாயம். ஆப்பிரிக்காவில் உள்ள குமாசி என்னும் ஊரின் பெயரைத் தாங்கியது. தொடக்கச் சாற்றை ஓட்டிய இடத்தில் ஏணிப்படி போலப் பல கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் கோடுகள் குறைந்து, கடைசியில் ஒரே கோடு தெரியும்போது உண்டாகும் மகிழ்ச்சியை நான் சொல்லி விளக்க முடியாது. ஆயினும் ஒரே கோடு என்றால் ஒரே புரதந்தான் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே அளவுள்ள இரண்டு புரதங்கள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கலாம். வேறொரு வழியிலும் சோதித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அந்த ஜெல் செய்யப் பயன்படும் அக்ரிலமைடு நரம்புகளுக்குக் கேடு செய்யும் பொருள். உறையணியாத கையால் தொடவே கூடாது.

வேலைத்திறனைக் கணக்கிடுவது பற்றிச் சொல்லுமுன் ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர். இடது கைப் பழக்கமுள்ள அவர் 17 வயதில் வேட்டையின்போது குண்டுபட்டு அந்த இடது கையையே இழந்தார். ஒற்றைக் கையோடு வேதியியலில் தேற முடியாது, சட்டம் படிக்கப் போ என்று பெயர்பெற்ற பேராசிரியர் ஒருவரே அவருக்கு அறிவுரை கூறினார். அவர் கேட்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1917இல் தொடங்கி ஒன்பது ஆண்டுகள், வாளவரை இனத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைக் கொட்டையை அரைத்து, அதில் உள்ள யூரியேஸ் என்ற நொதியைத் தூய்மையாக்க முயன்றார். நல்ல குளிர்ப்பெட்டி கூட இல்லாத நாட்களில் சாற்றைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இரவு குளிராக இருக்க வேண்டுமே என்று காத்திருந்தார். 1926இல் ஒரு நாள் காலை உருப்பெருக்கியில் பார்த்தபோது சிறு சிறு பளிங்குகள் தெரிந்தன. நொதி என்பதும் புரதமே என்று அவர் சொன்னதை அக்காலத்துப் பெரிய வேதியியலாளர் பலர் நம்பவில்லை. 1946இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

யூரியேஸ் என்பது யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குவது. எவ்வளவு அமோனியா வருகிறது என்று அளந்தால் சாற்றில் எவ்வளவு யூரியேஸ் வேலை செய்கிறது என்று தெரியும். இதை நம் கணக்கில் சொல்கிறேன். பால் நிறுக்கும்போது கிராணி வாளியின் எடையை மட்டுமா பார்க்கிறார்? மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை விட்டு அல்லது கொஞ்சம் பாலை உறைய வைத்து உலர்த்தி, அதில் உலர் ரப்பர் எவ்வளவு என்று பார்க்கிறார். தண்ணீர் கலந்தால் வாளி நிறையும், கணக்கு நிறையாது. புரதத்திலும் அப்படியே. தொடக்கச் சாற்றில் 1000 மில்லிகிராம் புரதமும் 1000 அலகு வேலைத்திறனும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மில்லிகிராமுக்கு ஓர் அலகு. ஒரு கட்டம் முடிந்தபின் 200 மில்லிகிராமும் 800 அலகும் மிஞ்சினால் மில்லிகிராமுக்கு நான்கு அலகு. தூய்மை நான்கு மடங்கு கூடியிருக்கிறது, சரக்கில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இப்படியே ஐந்து கட்டங்கள் போனால் 100 பங்கில் ஏறக்குறைய 33 பங்குதான் கையில் மிஞ்சும். ஆகவே கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போவது கெட்டிக்காரத்தனமன்று. எவ்வளவு தூய்மை இந்த வேலைக்குப் போதும் என்று முடிவு செய்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஹெவினுக்குத் திரும்புகிறேன். ஆர்ச்சர் என்பவர் அதைப் பளிங்கு வடிவிலேயே பிரித்தெடுத்து 1960இல் வெளியிட்டார். ஆனால் மரத்தில் அதற்கு என்ன வேலை என்பது உடனே தெரிந்துவிடவில்லை. மரம் வெட்டுப்படும்போது பாலில் உள்ள நுண்பைகள் உடைகின்றன. வெளிப்படும் ஹெவின், ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து உறைய வைக்கத் துணைபுரிகிறது என்று 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூஞ்சைகள் வளராமல் தடுக்கும் திறனும் அதற்கு உண்டு. காயத்தை அடைப்பதோடு காயத்துக்குக் காவலும் நிற்கிறது என்று சொல்லலாம்.

அதே ஹெவின் வேறோர் இடத்தில் வேறு முகம் காட்டியது. எய்ட்ஸ் நோயின் அச்சத்தால் 1987க்குப் பிறகு மருத்துவமனைகளில் ரப்பர் கையுறைப் பயன்பாடு பெருகியது. தாதியர் சிலருக்குக் கையில் தடிப்பு, கண்ணெரிச்சல், மூச்சிரைப்பு. பலமுறை அறுவை சிகிச்சைக்கு உள்ளான குழந்தைகளுக்கும் அப்படியே. உயிரிழப்புகளும் நேர்ந்தன, 1991இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. நாம் வெட்டிய பாலில் செய்த கையுறைக்கு வந்த பழி இது. ரப்பரே விஷம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பாலில் உள்ள புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நோயாளிகளின் இரத்தத்தோடு வைத்துப் பார்த்தபோது குற்றவாளிகள் அகப்பட்டார்கள். தாதியருக்கு ஒவ்வாமை தந்தவற்றுள் முதன்மையானது ஹெவின். அந்தக் குழந்தைகளுக்கோ ரப்பர் துகளின் மேல் ஒட்டியிருக்கும் வேறு இரண்டு புரதங்கள். இவ்வாறு பெயரிடப்பட்ட ரப்பர் பால் புரதங்களின் பட்டியல் பதினைந்துவரை போயிற்று. பதின்மூன்றாவதைப் பிரித்தெடுத்து 2004இல் வெளியிட்ட குழுவில் நம் நாட்டு ரப்பர் வாரியத்து ஆய்வாளர்கள் இருந்தார்கள். வாழைப்பழம் சாப்பிட்டாலும் சிலருக்கு ஏன் அதே அரிப்பு வருகிறது என்பதும் விளங்கியது: ஹெவினைப் போன்ற பகுதியுடைய புரதம் வாழையிலும் இருக்கிறது.

எதை நீக்க வேண்டும் என்று தெரிந்தபின் வழியும் பிறந்தது. கையுறையை வெந்நீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவினால் கரையும் புரதம் பெரும்பாலும் போய்விடும். உள்ளே தூவும் மாவு புரதத்தைக் காற்றில் சுமந்து சென்றதால் மாவில்லாத கையுறைகள் வந்தன. 2017 ஜனவரி முதல் அமெரிக்காவில் மாவுத் தூவிய மருத்துவக் கையுறைகளுக்குத் தடை. செயற்கை ரப்பர் கையுறைக்கு மாறிவிட்ட மருத்துவமனைகளும் பல.

இந்த வேலைக்கு யார் வரலாம்? ஐந்தாம் படிவத்தில் வேதியியலும் உயிரியலும் எடுத்து எஸ்.பி.எம். தேறி, அதற்குமேல் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பமோ உயிர்வேதியியலோ படித்தவர்களைத்தான் எடுப்பார்கள். மருந்து, உணவு, கையுறை ஆகியவற்றைச் சோதிக்கும் கூடங்களில் இந்தப் பயிற்சிக்கு இடமுண்டு. பெற்றோர்களிடம் நான் கேட்பது ஒன்று. பள்ளிக்குப் போகும்போது, "அறிவியல் கூடத்தில் என் பிள்ளை தன் கையால் ஏதாவது செய்தானா, ஆசிரியர் செய்ததைப் பார்த்துவிட்டு வந்தானா?" என்று விசாரியுங்கள். நான் படித்த பள்ளியில் கண்ணாடிக் குழாய்கள் உடைந்துவிடும் என்று அலமாரியில் பூட்டியே வைத்திருந்தார்கள். அவை உடையவில்லை. எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டிலேயே இன்று மாலை செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். காய்ச்சாத பசும்பால் ஒரு தம்ளர் வேண்டும். டின் பாலும், பால் மாவும், நீண்ட நாள் கெடாத பெட்டிப் பாலும் உதவா. அவை முன்பே சூடு பட்டவை. பாலைக் கை பொறுக்கும் அளவு மட்டும் சூடாக்கி இறக்குங்கள். எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மெதுவாகக் கலக்குங்கள். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையே திடீரென்று திரியும். எத்தனையாவது சொட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆலையில் பார்மிக் அமிலம் ஊற்றிப் பால் உறைய வைக்கிறோமே, அதே வித்தைதான்: புளிப்பு, துகள்களின் மின்னேற்றத்தைப் போக்கிவிடுகிறது, விலகி நின்றவை ஒட்டிக்கொள்கின்றன. மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். துணியில் தங்குவது கேசின் என்னும் புரதம். பசும்பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு அது. வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்! அதை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். தெளிந்த நீரில் வெள்ளை வெள்ளையாகப் பிசிறுகள் தோன்றும். அவை புளிப்புக்கு மசியாமல் சூட்டுக்கு மசிந்த வேறு புரதங்கள். இன்னொரு துணியில் வடிகட்டி, இரண்டு துணிகளுக்கும் 1, 2 என்று இலக்கமிடுங்கள். மூடியில் அல்ல, துணியில்.